நிரம்பிய கப்பலின் கணக்கு: உல்லாசக் கடற்பயணத்தில் விலையும் சலுகையும்

1. கேள்வி

2025 ஜூனில் அமெரிக்காவின் கார்னிவல் உல்லாசக் கப்பல் நிறுவனம் தன் வாடிக்கையாளர் திட்டத்தை மாற்றப்போவதாக அறிவித்தது. அதுவரை கணக்கு எளிதாக இருந்தது. கப்பலில் ஒரு நாள் இருந்தால் ஒரு புள்ளி. 75 புள்ளி சேர்ந்தால் பிளாட்டினம், 200 சேர்ந்தால் டைமண்ட். ஒருமுறை ஏறிய படியிலிருந்து இறங்க வேண்டியதில்லை. 2026க்கென்று அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்தில் நாள் கணக்குப் போய்ப் பணக் கணக்கு வருகிறது. பயணச் சீட்டுக்கும் கப்பலுக்குள்ளும், நிறுவனத்தின் பெயர் பொறித்த கிரெடிட் கார்டிலும் எவ்வளவு செலவழித்தார் என்பதே ஒருவருடைய தகுதியைத் தீர்மானிக்கும். அந்தச் செலவும் இரண்டாண்டுக் காலத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பழைய டைமண்ட் உறுப்பினர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு.

பழைய பயணிகள் கொதித்தார்கள். இத்தனை ஆண்டு வேறு கப்பல் பக்கம் போகாமல் இருந்ததற்கு இதுதான் கைம்மாறா என்பதே அவர்கள் குறையின் சாரம். மேல்படிகளில் ஆள் பெருகி, முன்னுரிமை வரிசையே நீள வரிசையாகிவிட்டது என்பது நிறுவனத்தின் சமாதானம். இரு தரப்பும் சண்டையிட்டாலும் ஒரு விஷயத்தில் உடன்பட்டிருந்தன. சலுகை என்பது விசுவாசத்துக்குத் தரப்படும் பரிசு, அது யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் வழக்கு. இக்கட்டுரை அந்த உடன்பாட்டையே கேள்விக்கு உட்படுத்துகிறது. கட்டணம், அறை உயர்வு, விசுவாசச் சலுகை ஆகிய மூன்றும் வெவ்வேறு துறைகளின் வேலைபோலத் தெரிகின்றன. ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

2. இரண்டு வாசிப்புகள்

இத்துறை பற்றிய எழுத்தில் இரண்டு போக்குகள் உண்டு. முதலாவது, பயண வழிகாட்டிகளும் முகவர்களும் சொல்வது. விலை ஏறி இறங்கும், எப்போது வாங்குவது என்று தெரிந்தவருக்கு லாபம், ஒரே நிறுவனத்தோடு நிலைத்திருந்தால் மதிப்பு கூடும். இந்த வாசிப்பில் நாயகன் விவரம் தெரிந்த பயணி.

இரண்டாவது விமர்சகர்களுடையது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராஸ் கிளைன் 2002இல் வெளியிட்ட ‘குரூஸ் ஷிப் புளூஸ்’ என்ற நூல் இதற்கு நல்ல உதாரணம். அவரே ஒரு காலத்தில் அடிக்கடி கப்பலேறியவர். மலிவான கட்டணம் தூண்டில், உள்ளே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் பில், அதன் பின்னணியில் குறைந்த ஊதிய ஊழியர்களும் கடல் மாசும் என்று அவர் அடுக்குகிறார். உழைப்பு பற்றியும் சுற்றுச்சூழல் பற்றியும் அவர் எழுதியவை இன்றும் படிக்கத் தக்கவை.

விலை விஷயத்தில் மட்டும் இரண்டுமே போதவில்லை. முதல் வாசிப்பு பயணியின் சாமர்த்தியத்தை மிகைப்படுத்துகிறது, இரண்டாவது அவருடைய அறியாமையை. மதுவுக்கும் இணையத்துக்கும் தனிக் காசு என்று பத்தாவது முறை ஏறுபவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே வருகிறார். ஏமாற்று என்ற ஒரு சொல்லால் இந்தத் திரும்பி வருதலை விளக்க முடியாது.

3. காலியாகப் போகக் கூடாத கப்பல்

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பயணிகள் கப்பல் தொழில் சரிந்தது. கடலைக் கடப்பதற்குக் கப்பல் தேவையில்லை என்றானபின், கப்பலில் இருப்பதையே விற்கலாம் என்று கண்டுகொண்டவர்கள் மயாமியில் கடை விரித்தார்கள். 1966இல் நார்வேக்காரரான க்னுட் குளோஸ்டரும் டெட் அரிசனும் ‘சன்வர்ட்’ கப்பலை ஓட்டினார்கள். பிறகு பிரிந்த அரிசன் 1972இல் பழைய கப்பல் ஒன்றை வாங்கி ‘மார்டி கிராஸ்’ என்று பெயரிட்டு கார்னிவலைத் தொடங்கினார். முதல் பயணத்திலேயே அது மயாமி துறைமுக வாயிலில் மணல்திட்டில் ஏறி நின்றது. அப்படித் தரைதட்டித் தொடங்கிய நிறுவனம்தான் இன்று பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா, ஐடா என்று பல பெயர்களைக் கையில் வைத்திருக்கிறது.

விலை நிர்ணயத்தின் அடிப்படை விமானத் துறையிலிருந்து வந்தது. புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கையை நாளை விற்க முடியாது. மலிவாக இப்போதே விற்பதா, கூடுதலாகத் தருபவர் வரும்வரை ஒதுக்கி வைப்பதா என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசியின் கென் லிட்டில்வுட் 1972இல் ஒரு விதி வகுத்தார். உல்லாசக் கப்பல் அறைகளுக்கு அந்தச் சிந்தனையைக் கொண்டுவந்த தொடக்கக்கால ஆய்வுகளில் ஒன்று 1991இல் லடானியும் ஆர்பெலும் எழுதியது.

கப்பல் விமானத்தைப் போன்றதல்ல. இங்கே பயணி ஏறிய பிறகும் வாங்கிக்கொண்டே இருக்கிறார். கார்னிவல் குழுமத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பயணச் சீட்டிலிருந்து வந்ததல்ல. மது, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, ஸ்பா, இணையம் முதலியவற்றிலிருந்து வந்தது. ராயல் கரீபியன் குழுமத்துக்கு 2023இல் இந்தப் பங்கு ஏறத்தாழ 31 விழுக்காடு. ஆக, விமானத்தின் காலி இருக்கை ஒரு சீட்டுக்கான நஷ்டம் என்றால், கப்பலின் காலி அறை சீட்டோடு ஒரு வாரச் செலவாளிகள் இருவரையும் சேர்த்து இழக்கும் நஷ்டம்.

அதனால்தான் இத்துறையில் நூறு விழுக்காடு என்பது நிரம்பியதற்கு அடையாளமல்ல. அறைக்கு இருவர் என்று வைத்துக் கணக்கிடுவதால், மூன்றாவது நான்காவது படுக்கையில் குழந்தைகள் ஏறினால் நிரப்பளவு நூறைத் தாண்டும். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலுக்கு அறைக்கு இருவர் கணக்கில் 5,610 பேர், உச்ச அளவில் 7,600 பேர். உயிர்காப்புப் படகுகளில் எத்தனை பேருக்கு இடம் என்பதுதான் உண்மையான வரம்பு. அறை காலியாக இருந்தும் படகில் இடமில்லாமல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மறுக்க நேர்வதுண்டு. இந்தத் தர்க்கத்தின் மறுபக்கம், தனியாக வருபவர் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தையும் கொடுக்க வேண்டியிருப்பது. அவர் அறையை மட்டும் பாதி காலியாக்கவில்லை, மதுக்கூடத்திலும் ஓர் ஆளைக் குறைத்துவிட்டார். இந்த அநீதியில் ஒரு சந்தை இருப்பதை நார்வேஜியன் நிறுவனம் 2010இல் கண்டுகொண்டது. ‘நார்வேஜியன் எபிக்’ கப்பலில் தனியாள்களுக்கென்றே 128 சிற்றறைகள் கட்டியது.

கப்பல் நிரம்பியே ஆக வேண்டும் என்றால் கடைசி நேரத்தில் விலையைச் சரித்துவிடலாமே? அதில் ஒரு சிக்கல். பாக்கித் தொகையை முழுதாகக் கட்ட வேண்டிய தேதி, பயணத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்னால் வரும். அதற்கு முன் விலை இறங்கினால், அமெரிக்க வாடிக்கையாளர் தனக்கும் அதே விலை வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுவார். வெளிப்படையாக 100 டாலர் குறைத்தால் முன்பே வாங்கிய ஆயிரம் பேருக்கும் குறைக்க வேண்டி வரலாம். விலை இறங்கும் என்ற நம்பிக்கை பரவிவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் முன்கூட்டி வாங்கவும் மாட்டார்கள்.

ஆகவே விலையை இறக்காமல் இறக்கும் வழிகள் தேவைப்படுகின்றன. கப்பலில் செலவழிக்க 100 டாலர் கடன்வரவு, இரண்டாம் ஆளுக்குப் பாதி, முன்பு வந்தவருக்கு மட்டும் ஒரு கட்டணம், குறிப்பிட்ட மாநிலத்தாருக்கு மட்டும் ஒரு கட்டணம், சூதாடுபவருக்கு இலவச அறை. நிறுவனத்தின் 100 பங்குகளை வைத்திருப்பவருக்குக்கூடக் கார்னிவலும் ராயல் கரீபியனும் கப்பல் கடன்வரவு தருவது வழக்கம். இவற்றில் எதையும் பக்கத்து அறைக்காரரின் விலையோடு நேராக ஒப்பிட முடியாது. சலுகைகள் இத்தனை உருவில் வருவதற்குக் காரணம் நிறுவனங்களின் தாராளமல்ல. ஒப்பிட முடியாமையே அவற்றின் பயன்.

4. விளம்பர விலையும் பில் தொகையும்

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வாடகை ஒன்று சொல்வார்கள். மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம், குப்பை எடுக்க என்று பிறகு வேறொரு தொகை வரும். உல்லாசக் கப்பலின் விளம்பர விலையும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1990களில் ‘துறைமுகக் கட்டணம்’ என்ற பெயரில் தனியாக வசூலிக்கப்பட்ட தொகை முழுவதும் துறைமுகங்களுக்குப் போகவில்லை, ஒரு பகுதி நிறுவனத்தின் வருவாயாகவே நின்றது. 1997இல் ஃபுளோரிடா மாநில அட்டர்னி ஜெனரலுடன் பெரிய நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அரசுக்குப் போகும் வரி, கட்டணம் தவிர மற்றவை விளம்பர விலைக்குள் வந்தாக வேண்டும் என்றானது. கலிஃபோர்னியாவின் விலை வெளிப்படைச் சட்டம் 2024 ஜூலை 1இல் அமலானபோது, அந்த வரிகளையும் சேர்த்தே காட்டும் நிலை வந்தது. ஒரு மாநிலத்துக்காகத் தனி விளம்பரம் செய்வதைவிட எளிது என்று பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் அப்படிக் காட்டத் தொடங்கின. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பின்னால் இருந்தது சட்டம். நிறுவனங்களை மனம்மாறச் செய்தது விசுவாச வாடிக்கையாளரின் குரலோ போட்டியோ அல்ல.

இன்னமும் வெளியே நிற்பது டிப்ஸ். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர், சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளில் இன்னும் கூடுதலாக, தானாகவே கணக்கில் ஏறும். பல நிறுவனங்களில் முகப்பு மேசைக்குப் போய் நீக்கச் சொல்லலாம். நீக்கினால் பாதிக்கப்படுவது அறை துடைப்பவரும் உணவு பரிமாறுபவரும். சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணியின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, அதை விளம்பர விலைக்கு வெளியே வைப்பது, என் பார்வையில், இத்துறையின் விலை உத்திகளிலேயே மிகவும் கூச்சமற்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஜன்னலில்லாத உள்ளறையில் இருவர், ஏழு இரவு. ஆளுக்கு 700 டாலர் கட்டணம் என்றால் 1,400. வரி ஆளுக்கு 150 என்றால் 300. டிப்ஸ் ஆளுக்கு நாளுக்கு 18.50 வீதம் 259. இருவரும் நாளுக்கு 80 டாலர் மதுத் தொகுப்பு வாங்கினால் 1,120, அதன்மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்து ஏறத்தாழ 1,322. மொத்தம் 3,281. கட்டணமான 1,400 அதில் பாதிகூட இல்லை, மதுத் தொகுப்பு மட்டுமே கட்டணத்தை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. ஒருவர் குடிக்காதவராயிற்றே, ஒன்று மட்டும் வாங்கலாமே என்றால், ஓர் அறையில் வயதுவந்த ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் விதி. பகிர்ந்து குடிப்பதைத் தடுக்க என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மது தொடாத மனைவி கணவரின் பியருக்கு மானியம் தருகிறார் என்பது அதன் விளைவு.

5. உயர்த்தப்படும் அறை

கப்பல் பயணிகளிடையே ஒரு நம்பிக்கை நெடுநாள் உலவியது. உள்ளறைக்குப் பணம் கட்டியிருப்பீர்கள், திடீரென்று பால்கனி அறை ஒதுக்கப்பட்டிருக்கும், ஏதோ தேவதை வரம் கொடுத்ததுபோல. வரத்தின் பொறிமுறை சாதாரணமானது. மலிவான அறைதான் கடைசி நேரத்தில் எளிதாக விற்கும். பால்கனி அறை விற்காமல் கிடக்கும்போது, ஏற்கெனவே பணம் கட்டிய ஒருவரை மேலே தள்ளிவிட்டால் கீழே ஒரு மலிவு அறை காலியாகும், அதை மறுபடி விற்கலாம். எண் குறிப்பிடாமல் வகையை மட்டும் உறுதி செய்து விற்கும் மலிவுக் கட்டணமும் இந்த நகர்த்தலுக்கு வசதியாகவே இருந்தது. பயணிக்கு அதிர்ஷ்டமாகத் தெரிந்தது நிறுவனத்துக்கு இருப்புச் சரிப்படுத்தல்.

இன்று அந்தத் தேவதைக்குப் பெரும்பாலும் ஓய்வு. இடத்தில் ஏலம் வந்திருக்கிறது. ராயல் கரீபியனின் ராயல்அப், செலிபிரிட்டியின் மூவ்அப், நார்வேஜியனின் அப்கிரேட் அட்வான்டேஜ் ஆகியவை இந்த வகை. ராயல்அப்பின் மென்பொருள், விமான இருக்கை உயர்வை ஏலம் விடுவதில் பெயரெடுத்த பிளஸ்கிரேடு நிறுவனத்துடையது.

திரையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மின்னஞ்சலில் இணைப்பு வருகிறது. அழுத்தினால், உங்கள் அறைக்கு மேலுள்ள வகைகள் படத்துடன் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் இழுத்து நகர்த்தும் ஒரு பட்டை, பக்கத்தில் ஒரு மானி. குறைந்தபட்சத் தொகையில் வைத்தால் மானியின் முள் ‘பலவீனம்’ என்று சிவப்பில் நிற்கும். நகர்த்த நகர்த்தப் பச்சைக்கு வரும். காட்டப்படும் தொகை ஆளுக்கு, அறைக்கு அல்ல. இருவர் கணக்கில் பெருக்க வேண்டும், தனியாள் என்றாலும்கூட. ஏற்கப்படும்வரை ஏலத்தொகையை மாற்றலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏற்கப்பட்டால் பணம் திரும்பாது, அறை எங்கே என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. இரவு விடுதிக்கு நேர் மேலே விழுந்தாலும் அதுதான்.

அந்த மானி எதை அளக்கிறது? உங்கள் ஏலத்தொகைக்கு எத்தனை போட்டி, எத்தனை அறை காலி என்ற எந்த விவரமும் திரையில் இல்லை. கடையில் விலை கேட்பவர் நீங்கள், சொல்பவர் கடைக்காரர். இங்கே இது தலைகீழாகிவிட்டது. நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள், அது தோற்றாலும் ஒரு தகவல். பொருளியலர் பிகூ 1920இல் விலைப் பாகுபாட்டை மூன்று தரமாகப் பிரித்தார். அவற்றில் முதல்தரம், ஒவ்வொருவரிடமும் அவரவர் கொடுக்கக்கூடிய உச்சத்தை வாங்குவது. நடைமுறையில் அது சாத்தியமில்லை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. இழுவைப் பட்டை அதற்கு இதுவரை கண்டதில் மிக அருகில் வந்திருக்கிறது.

இதில் பயணிக்கு நஷ்டம்தான் என்று சொல்ல மாட்டேன். காலியாகப் போகவிருந்த பால்கனி அறையைச் சந்தை விலைக்குக் கீழ் பெறுபவர்கள் உண்டு. ஆனால் ஏலம் போடுமுன், அதே அறையை அன்றைய விலையில் நேரடியாக மாற்றிக்கொள்ள எவ்வளவு கூடுதலாகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவரே ஏலம் போடுகிறார். மற்றவர் மானியின் முள்ளோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

6. திரும்பி வந்த வகுப்புகள்

அட்லாண்டிக் கப்பல்களில் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று தளமே பிரிந்திருந்தது. 1970களின் கரீபிய உல்லாசக் கப்பல்கள் அந்தச் சுவர்களை உடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. அறை சிறிதோ பெரிதோ, உணவுக்கூடமும் நீச்சல்குளமும் எல்லாருக்கும் ஒன்று. அந்தச் சமத்துவம் இப்போது கலைந்துவிட்டது. எம்எஸ்சி நிறுவனம் 2008இல் ‘ஃபான்டேசியா’ கப்பலில் யாட் கிளப் என்ற தனிப் பகுதியைத் திறந்தது. நார்வேஜியனில் ஹேவன், செலிபிரிட்டியில் ரிட்ரீட், ராயல் கரீபியனில் 2016 முதல் சூட் வகுப்பின் மூன்று படிகள். குனார்ட் மட்டும் வகுப்புப் பிரிவை முழுதாகக் கைவிட்டதே இல்லை. ‘குயின் மேரி 2’இல் எந்த அறை வாங்கினீர்களோ அதற்கேற்ற உணவுக்கூடம்.

1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டூப்யூய் இரயில்வேயின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு ஏன் கூரையில்லை என்று கேட்டார். கூரை போடும் செலவு அற்பம். காரணம், இரண்டாம் வகுப்புக்குப் பணம் உள்ளவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பது. ஏழையின் மீது பகையில்லை, வசதியுள்ளவரைப் பயமுறுத்தவே ஏழை நனைகிறார் என்று அவர் கண்டார். இன்றைய கப்பலில் யாரும் நனைவதில்லை. ஆனால் நிழலில் சாய்வு நாற்காலி கிடைப்பது, படகிலிருந்து காத்திராமல் இறங்குவது, கூட்டமில்லாத காலை உணவு போன்றவை முன்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தவை. ஏழாயிரம் பேர் ஏறும் கப்பலில் நெரிசல் தானாக உண்டாகிறது, நெரிசலின்மை விலைப்பொருளாகிறது.

7. விசுவாசத்தின் கணக்கு

விமானத் துறையின் பெரிய விசுவாசத் திட்டமான அட்வான்டேஜை 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கியது. கப்பல் நிறுவனங்களின் திட்டங்கள் அதிலிருந்து ஒரு முக்கிய இடத்தில் வேறுபட்டன. இவற்றில் தகுதி பெரும்பாலும் ஆயுளுக்கும் நிலைத்தது.

ராயல் கரீபியனின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளியில் கோல்டு, 30இல் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டைமண்ட், 175இல் டைமண்ட் பிளஸ், 700இல் பினாக்கிள். இரவுக்கு ஒன்று வீதம் 700 என்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைக் கடலில் கழிப்பது. ஒரு வாரயிறுதிப் பயணத்திலேயே கோல்டு ஆகிவிடலாம். தங்கத்தில் தொடங்கும் படிக்கட்டு கப்பல் துறைக்கு வெளியே வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை, பிரின்சஸிலும் முதல் படி கோல்டுதான். இந்தத் தாராளத்துக்கு ஆய்வாதாரம் உண்டு. நூனெஸ், ட்ரெஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் நிலையம் ஒன்றில் இரண்டு வகை அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் எட்டு முத்திரை வேண்டும். மற்றதில் பத்து வேண்டும், ஆனால் இரண்டு முன்பே குத்தப்பட்டிருக்கும். தேவை இரண்டிலும் எட்டுதான். முதல் வகையை முடித்தவர்கள் 19 விழுக்காடு, இரண்டாவதை முடித்தவர்கள் 34 விழுக்காடு. பாதை தொடங்கிவிட்டது என்ற எண்ணமே கால்களை நடக்க வைக்கிறது.

மறுபக்கம், டௌலிங், அங்கிள்ஸ் இருவரும் 1997இலேயே இத்தகைய திட்டங்கள் வாங்கும் பழக்கத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை, எப்படியும் வாங்கக்கூடியவருக்கே பரிசு போகிறது என்று வாதிட்டார்கள். இரண்டு முடிவுகளும் முரண்படவில்லை என்பது என் எண்ணம். அட்டை ஒருவரை முதல் சில படிகளில் வேகமாக ஏற்றும். உச்சிக்குப் போனவர் அட்டை இல்லாவிட்டாலும் வந்திருப்பார். சிக்கல் உச்சியில்தான் தொடங்குகிறது.

எல்லாச் சலுகையும் நிறுவனத்துக்கு ஒரே செலவல்ல. பிரின்சஸின் எலீட் படிக்கு, அதாவது 15 பயணமோ 150 நாளோ முடித்தவர்களுக்கு, நெடுங்காலமாக இலவச சலவை உண்டு. கப்பலின் சலவைக்கூடம் படுக்கை விரிப்புகளுக்காக எப்படியும் இரவு பகலாக ஓடுகிறது, சில சட்டைகள் சேர்ந்தால் செலவு தெரியாது. பயணிக்கோ பாதிப் பெட்டி மிச்சம். இருவருக்கும் நல்ல ஏற்பாடு. ராயல் கரீபியனின் டைமண்ட் படியில் நாளுக்கு நான்கு இலவச பானம். இது வேறு வகை. நான்கு பானம் கையில் உள்ளவர் முன்பு கண்ட 80 டாலர் தொகுப்பை ஏன் வாங்கப்போகிறார்? கப்பலின் பெரிய உள்விற்பனை ஒன்றை விசுவாசச் சலுகையே அரிக்கிறது. பெரிய கப்பல்கள் வர வர டைமண்ட் உறுப்பினர்களும் பெருகினார்கள். அவர்களுக்கான ஓய்வறை தாங்காமல், பானங்கள் அறை அட்டையில் ஏற்றப்படும் கூப்பன்களாயின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணத்துக்கு நாள்களைவிட மதிப்புக் கூட என்பது 2025இல் புதிதாக முளைத்ததல்ல. ராயல் கரீபியனில் சூட்டில் தங்கினால் இரவுக்கு இரட்டைப் புள்ளி, ஆக 80 இரவின் தகுதியை 40 இரவில் வாங்கலாம். 80 இரவு உள்ளறையில் கழித்த டைமண்ட் உறுப்பினர் சூட்காரர்களின் ஓய்வறைக்குள் போக முடியாது. முதல் முறையாகக் கப்பலேறிய பெரிய சூட் பயணி போகலாம். ஒரே தளத்தில் அடுத்தடுத்த இரண்டு கதவுகள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

அதைவிட வெளிப்படையாகச் சொன்னது சூதாட்டக் கூடம். அதற்கென்று தனி விசுவாசத் திட்டம் உண்டு. ராயல் கரீபியனின் கிளப் ராயலில் எத்தனை இரவு வந்தார் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு ஆடினார் என்பதே கணக்கு. ஆண்டு முடிந்தால் புள்ளிகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். செலவே அளவுகோல், தகுதிக்குக் காலவரம்பு. கார்னிவலின் புதிய திட்டத்தின் இந்த இரண்டு தூண்களும் சூதாட்டக் கூடத்தில் ஏற்கெனவே நின்றவை. விமானத் துறையும் இதே வழியில் முன்னே போயிருந்தது. டெல்டா 2015இல் மைல்களைக் கட்டணத்தோடு இணைத்தது, 2024 முதல் தகுதியை முழுக்கச் செலவோடு இணைத்தது. 2023இல் அதை அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் சிலவற்றைத் தளர்த்தியது, அடிப்படையை மாற்றவில்லை.

புதிய முறைக்கு ஒரு நியாயமும் உண்டு. வாரத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுப்பவரையும் ஐந்நூறு கொடுப்பவரையும் ஒரே படியில் நிறுத்துவது எந்த வணிகத்திலும் நெடுநாள் நிலைக்காது. பணத்தை அளக்கும் திட்டம், தான் எதை அளக்கிறது என்பதை மறைக்கவில்லை. அந்த அளவில் அது பழையதைவிட நேர்மையானது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆயுள் தகுதி என்ற எதிர்பார்ப்பில் போட்டி நிறுவனத்தின் மலிவு விலையைத் தவிர்த்துவந்த பயணி, தன் பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டார். நிறுவனத்தின் பங்கோ விதிமுறைகளின் அடியில், திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையோடு, நிபந்தனையாகவே இருந்தது. ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டிருந்தார். சலுகை பரிசா விலையா என்ற கேள்விக்கு என் விடை இங்கேதான். பரிசாக இருந்தால் கொடுத்தபின் திரும்பாது. இது திருப்பி எடுக்கப்படுகிறது. காலி அறை அதிகமாக இருந்த காலத்தில் கொடுக்கப்பட்ட விலைத் தள்ளுபடி, கப்பல்கள் நிரம்பி வழியும் காலத்தில் ரத்தாகிறது.

8. சென்னைக் கரையில்

இது எங்கோ மயாமியில் நடக்கும் கதை என்று விட்டுவிடுவதற்கில்லை. 1990இல் ராயல் கரீபியன் மூன்று, நான்கு இரவுக் குறும்பயணங்களுக்காக இறக்கிய ‘நார்டிக் எம்ப்ரஸ்’ கப்பல், பெயரும் கையும் மாறி, கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ ஆக 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. புதுச்சேரியில் அதை நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டக் கூடம் இருந்ததே அங்கே சர்ச்சையானது. 2023இல் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. குறும்பயணம் என்பது இத்துறையில் புது வாடிக்கையாளரைப் பிடிக்கும் வாயில். வாயில் நம் ஊரில் திறந்தாகிவிட்டது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் 13 தந்திரங்களைத் தவறென்று பட்டியலிட்டிருக்கின்றன. விலையை முதலில் குறைத்துக் காட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது அவற்றில் ஒன்று. கப்பல் பயணச் சீட்டை விற்கும் எந்தத் தளமாயினும், எந்த நிறுவனமாயினும், இந்த அளவுகோலுக்கு உட்பட்டவை. முதல் திரையிலேயே வரி, டிப்ஸ், கட்டாயக் கட்டணம் அனைத்தும் சேர்ந்த தொகையைக் காட்டச் சொல்லிப் பயணிகள் கேட்க வேண்டும். காட்டாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.